எளிதில் தீப்பற்றக்கூடியது

பத்தொன்பது டிரையர்கள்.
ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு சல்லடை.
இரவு பதினொன்றுக்குக் கடையைப் பூட்டியபின்
அவற்றை இழுத்து வழிப்பதும் என் வேலை.
ஓரத்தை நகத்தால் கிளப்பினால்
தோசை மாதிரி முழுசாய் எழும்பி வரும்,
இளஞ்சூட்டோடு.

தமிழில் அதற்கு என்ன பேரென்று தெரியாது.
பஞ்சு இல்லை. தூசியும் இல்லை.
வெயிலில் உடுப்புக் காயவிட்ட ஆட்கள் நாங்கள்;
வெயிலுக்குச் சல்லடை இல்லை.

குப்பை, என்பார் கடைக்காரர் கிரியாகோஸ்,
பிரெஞ்சில் ஒருதரம், கிரேக்கத்தில் ஒருதரம்.

முதல்நாள் நான் அதை வீட்டுக்குக் கொண்டுபோனது
கலைக்காக இல்லை.
பார்க் எக்ஸ்ரென்சனில் மூன்றாம் மாடி,
ஜன்னல் விளிம்பால் மொன்றியல் குளிர்
ஊசி ஊசியாய் இறங்கும். அடைக்கத்தான்.
அடைக்கும்போது பார்த்தேன்,
சாம்பல் என்று நினைத்தது சாம்பலே இல்லை.
உள்ளே ஒரு மஞ்சள்:
ஆஸ்பத்திரியில் இரவுவேலை செய்யும் மிர்லாந்தின் துவாய்.
குர்னாமின் ஐந்து மீற்றர் தலைப்பாகையிலிருந்து
கண்ணிமைக்கும் காணாத நீலம்.
யாரோ வளர்க்கக் கூடாத வீட்டில் வளர்க்கும் நாயின் மயிர்.
ஒரு சிவப்பு இழையைக் கனநேரம்
யாருடையதென்று யோசித்தேன்.
என் சட்டை.

அன்று ஜன்னலை அடைக்கவில்லை.
கோட்டோடு படுத்தேன்.

பிறகு நான்கு மாதம்.
சோற்றுக் கஞ்சி தடவி, ரொட்டிக் கட்டையால் உருட்டி,
தாள்தாளாய் அடுக்கினேன்.
ஜனவரித் தாள் கறுப்பு, ஊரெல்லாம் கறுப்புக் கோட்டு.
மார்ச்சில் ஒரு கிழமை வெள்ளையாகவே வந்தது.
யாருக்கும் பிள்ளை பிறந்ததா,
யாரும் செத்ததா,
கேட்கவில்லை.
ஒருநாள் ஒரு கடிதம் கூழாகி வந்தது.
நவம்பர் 14, காலை எட்டரை
என்பது மட்டும் மிச்சம்.
அந்தச் சாதிக் கடிதத்தின் தடிப்பு என் விரலுக்குத் தெரியும்.
யாருடையது என்று எழுதிக் கண்ணாடியில் ஒட்டினேன்.
இரண்டு கிழமை.
ஒருவரும் வரவில்லை.
எட்டரை மணியும் உள்ளே போயிற்று.

நூலகத்து ஒடில் வந்து பார்த்தாள்.
மண்டபத்தில் தொங்கவிடுவோம் என்றாள்.
உங்கள் நாட்டைப் பற்றியதா, என்றாள் மெதுவாக,
காயத்தைத் தொடுகிறவள் மாதிரி.
இல்லை, ஏழாம் நம்பர் மெசினைப் பற்றியது,
அது கொஞ்சம் கூடச் சூடாகும், என்றேன்.
அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.

திறப்புக்கு முதல்நாள் தீயணைப்புப் பரிசோதகர்.
நல்ல மனிதர், மன்னிப்புக் கேட்டுக்கொண்டே
ஓரத்தில் ஒரு கிள்ளு எடுத்து
வாசலில் வைத்து லைட்டரைத் தட்டினார்.
கண்மூடித் திறக்க இல்லை.
மணம் மட்டும் நின்றது,
தலைமயிர் கருகுகிற மணம்.
தாளில் எழுதித் தந்தார்:
எளிதில் தீப்பற்றக்கூடியது.
ஆட்கள் கூடும் இடத்தில் அனுமதி இல்லை.
இந்த வசனத்தை எங்களைப் பற்றி
வேறு தாள்களில், வேறு மொழியில்
வாசித்திருக்கிறேன்.
சிரிப்பு வந்தது. அவர் பயந்துபோனார்.

சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு
கடைக்குத் திரும்பினேன்.
கிரியாகோஸ் ஒன்றும் சொல்லவில்லை.
பழுதான பதினோராம் டிரையரின் வயரைப் பிடுங்கி,
உருளைக்குள் தலையை விட்டு, இருமி இருமி,
நான்கு கொளுக்கி பூட்டினார்.
கதவை இறுக்கினார்.
வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் இப்போது அது நிற்கிறது.

சனிக்கிழமைகளில் உடுப்புச் சுழலும்வரை
ஆட்கள் அதற்கு முன்னால் குனிகிறார்கள்.
மிர்லாந் தன் மஞ்சளைக் கண்டுபிடித்துப்
படமெடுத்துத் தாய்க்கு அனுப்பினாள்.
குர்னாம் ஒத்துக்கொள்ளவே இல்லை.
இது என் நீலமே இல்லை, என்கிறார்,
என் நீலம் வேறு.
இருக்கலாம்.

நேற்று ஒரு சின்னப் பெடியன்
அது சுற்றுமென்று நம்பி
இருபத்தைந்து சதம் போட்டுவிட்டு நின்றான்,
தாய் வந்து கையைப் பிடித்து இழுக்கும்வரை.
காசு உள்ளே கிடக்கிறது.
பெட்டித் திறப்பு என்னிடம்தான்.
இன்னும் எடுக்கவில்லை.